தண்ணீரின் மேல் கேட்ட குரல்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பாதி பெஞ்சுகள் காலியாக இருந்தன. முந்தின நாள் விருந்தின் அசதியில் பலர் வரவில்லை. வாசலில் கட்டியிருந்த காகித நட்சத்திரம் பனியில் ஊறி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

என் கணவர் பீடத்தில் நின்று பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தார்.

கடவுளின் குரலைப் பற்றிய சங்கீதம் அது. அந்தக் குரல் தண்ணீரின் மேல் முழங்கும், பெரிய கேதுரு மரங்களை முறிக்கும், பாலைவனத்தை நடுங்க வைக்கும், காட்டை இலையில்லாமல் உரித்துவிடும் என்று வரிக்கு வரி ஏறிக்கொண்டே போகும். அவருக்கு அது மனப்பாடம். ஆனாலும் புத்தகத்தைப் பார்த்துத்தான் வாசிப்பார். மனப்பாடமாகச் சொன்னால் நம் குரல் பெரிதாகிவிடும் என்பார்.

மரங்கள் முறிகிற இடத்துக்கு அவர் வந்தபோது வெளியே ஒரு சத்தம் கேட்டது. துறைமுகச் சாலையில் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தன் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

சத்தம் நிற்கவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து வாசலுக்குப் போனார். போனவர் திரும்பி எங்களைப் பார்த்தார்.

பாஸ்டரா, பிரஸ்காரரா?

சில வாரங்களாக இந்தப் பத்திரிகைத் தொடரில், நான் பணிபுரிந்த ஆஸ்பத்திரிக் கதைகளையே எழுதி வருகிறேன். விருத்தாசலத்திலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். ஒரு வாரம் கணவர் பாஸ்டர் என்று எழுதுகிறீர்கள், இன்னொரு வாரம் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறார் என்கிறீர்கள், இரண்டில் எது உண்மை என்று கேட்டார். இரண்டும் உண்மை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவர் எப்படிப் போனார் என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத வேண்டாம் என்று அவர் சொன்னதல்ல. எனக்கே தைரியம் வரவில்லை.

அவர் பெயர் ஞானராஜ். அப்போது கடலூர் முதுநகரில் ஒரு சிறு சபைக்கு ஆயராக இருந்தார். கோயில் கொஞ்சம் மேடான இடத்தில் இருந்தது. கோயில் சுவரைத் தாண்டினால் சரிவு, சரிவின் கீழே மீனவர் குப்பம், அதற்கப்புறம் கடல். நான் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ்.

இறையியல் கல்லூரியில் அவர் எபிரெயம் படித்தவர். முழுப் புலமை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு சொல் அகப்பட்டால் அதை விடமாட்டார். எபிரெயத்தில் குரலுக்குக் 'கோல்' என்று பெயர். இதை அவர் எத்தனை பிரசங்கத்தில் சொல்லியிருப்பாரோ. நம் ஊர்க் கோல் அடிக்கவும் செய்யும், கால் தளர்ந்தவன் ஊன்றி நடக்கவும் ஆகும். அந்த ஊர்க் கோலும் அப்படித்தான் என்பார். சபையில் யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை. சமையல் நேரத்தில் என்னிடம் சொன்னால் நானும் 'ம்' போட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்குவேன்.

இன்னொன்றும் சொல்வார். எபிரெயர்கள் தங்கள் கடவுளுக்கு உருவம் செய்து வைத்துப் பார்த்தவர்கள் இல்லை, கேட்டவர்கள். கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூட இமை கிடையாது. அதனால் குரல் வந்தால் தப்ப முடியாது.

கோயில் கூரையில் ஒரு குழாய் ஸ்பீக்கர் உண்டு. அது குப்பத்தைப் பார்த்து இருந்தது. அப்படித் திருப்பி வைக்கச் சொன்னது குப்பத்துக்காரர் கலியபெருமாள்தான். அவர் மனைவி அஞ்சலை எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவள். இவரை அண்ணே என்பாள், என்னை அண்ணி என்பாள். அந்த உறவைப் பிடித்துக்கொண்டு கலியபெருமாள் இவரை மச்சான் என்றே கூப்பிடுவார். சபையில் சிலருக்கு அது பிடிக்காது. இவருக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்கள் கும்பிடுவது மாரியம்மனை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் குரல் கேட்காவிட்டால் நாள் விடிந்த மாதிரி இல்லை என்று கலியபெருமாள் சொல்வார்.

அவர்களுக்கு ஒரே மகள். தனம். ஏழு வயது.

பிடித்த கை

முதலில் வந்தது தண்ணீர் இல்லை, ஆட்கள். ஈரமும் சேறுமாகச் சரிவில் ஏறி, சுவரைத் தாண்டி, கோயிலுக்குள் ஓடி வந்தார்கள். புடவை அவிழ்ந்தது தெரியாமல் ஒரு பெண் வந்தாள். பீடத்தில் இருந்தவர் புத்தகத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். மைக்கை யாரும் அணைக்கவில்லை. உள்ளே அழுதவர்களின் சத்தம் ஸ்பீக்கர் வழியாக வெளியே போய்க்கொண்டே இருந்தது.

தண்ணீர் எங்கள் சுவர் வரை வந்தது. அங்கே நின்றது. பிறகு இறங்கியது.

அஞ்சலை ஒரு பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் கடலோரத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாளாம். பிள்ளைகள் கொஞ்ச தூரத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டதும் ஓடிப்போய் மகள் கையைப் பிடித்தாள். பிடித்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் தண்ணீர் அவளைப் புரட்டிப் போட்டது. அப்போதும் அந்தக் கையை விடவில்லை. கோயில் வாசலில் என்னைப் பார்த்ததும்தான் நின்றாள்.

"தொடச்சி வுடு அண்ணி. புள்ளைக்குக் குளுருது" என்றாள்.

நான் என் முந்தானையால் பிள்ளையின் முகத்துச் சேற்றைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எனக்குத் தெரிந்துவிட்டது. அது தனம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை. தீபாவளிக்கு இரண்டு வீட்டிலும் ஒரே துணியில் பாவாடை தைத்திருந்தார்கள்.

நான் துடைப்பதை நிறுத்தினேன். அஞ்சலை குனிந்து பார்த்தாள். கத்தவில்லை. அந்தப் பிள்ளையின் கையையும் விடவில்லை. நானும் இவரும் சேர்ந்துதான் அவள் விரல்களைப் பிரித்தோம். மதியம் அந்தப் பிள்ளையின் தாய் தேடிக்கொண்டு வந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்து அழுதாள். அஞ்சலை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலியபெருமாள் அன்றைக்கு ஆழ்கடலில் இருந்தார். அங்கே படகு லேசாகத் தூக்கிப் போட்டதாம், அவ்வளவுதான். சாயங்காலம் கரைக்கு வந்தபோது அவருக்குக் கரை அடையாளம் தெரியவில்லை.

குழியோரம்

தனம் மறுநாள் கிடைத்தாள். உப்பனாற்றங்கரை முள்ளுக்குள். பாவாடையை வைத்துத்தான் கலியபெருமாள் அடையாளம் சொன்னார்.

ஊருக்கு வெளியே பொக்லைன் வைத்து நீளமாகக் குழி தோண்டியிருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரித்தது. தனித்தனியாகச் சடங்கு செய்ய நேரமும் இல்லை, ஆளும் இல்லை. இவர் பாஸ்டராக அங்கே போகவில்லை. தூக்குவதற்கு ஆள் குறைவு என்றார்கள், போனார். நானும் போனேன். முதல் நாளிலிருந்து மூக்கில் துணி கட்டிக்கொண்டு, யார் யாரையோ தூக்கினோம்.

குப்பத்துப் பூசாரி விபூதி போட்டுக் கும்பிட்டு முடித்ததும், பஞ்சாயத்துத் தலைவர் இவரைப் பார்த்து, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் ஐயா என்றார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார். அப்போது அஞ்சலை எழுந்து வந்து அவர் எதிரில் நின்றாள்.

"அண்ணே, தண்ணி மேல சாமி கொரலு கேக்கும்னு நீங்கதான மைக்ல படிச்சீங்க. அதக் கேட்டுக்கினுதான் நான் கருவாடு காயப் போட்டேன். அன்னிக்கி கேட்டது யாரு கொரலு?"

அவள் சண்டைக்கு நிற்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இவர் அவளையே பார்த்தார். பெரிய கூட்டத்திலும் மைக் இல்லாமல் பேசக்கூடியவர். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. பின்னால் வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

அந்த ஸ்பீக்கர்தான் கடலைக் கூப்பிட்டது என்று குப்பத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. இரண்டு பையன்கள் வந்து ஒயரை அறுத்துவிட்டுப் போனார்கள். பஞ்சாயத்துத் தலைவர் வீடு தேடி வந்து வருத்தம் சொன்னார். இவர் தானே ஏணி வைத்து ஏறி ஸ்பீக்கரைக் கழற்றி இறக்கினார்.

சுவருக்கு இந்தப் பக்கம்

அதற்குப் பிறகும் அவர் ஆராதனை நடத்தினார். திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் நடந்தன. சங்கீதம் மட்டும் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிவிடுவார். குரலைப் பற்றிய சங்கீதம் வரும் ஞாயிறுகளில் வேறொன்றை வைத்துவிடுவார். முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

வருடம் திரும்பியது. டிசம்பரில் ஸ்தோத்திர ஆராதனை வைக்க வேண்டும் என்று சபைக் கமிட்டி முடிவு செய்தது. தண்ணீர் கோயில் சுவரோடு நின்றுபோனது அவர்களுக்குப் பெரிய சாட்சி. அதே சங்கீதத்தைப் பாஸ்டர் வாசித்து, அந்தக் குரல்தான் தண்ணீரை நிறுத்தியது என்று பிரசங்கம் செய்ய வேண்டும் என்றார்கள். செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்து பேசினார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நல்ல மனிதர். அவர் மருமகளும் பேரனும் அன்றைக்குக் கோயிலுக்குள் இருந்து பிழைத்தவர்கள். அவர் நன்றி சொல்ல நினைத்ததில் என்ன தப்பு இருக்கிறது. நானும் அவர் பக்கம்தான் இருந்தேன்.

இவர் மெதுவாகத்தான் பதில் சொன்னார்.

"சுவருக்கு இந்தப் பக்கம் காப்பாத்துனது அந்தக் குரல்தான்னு நான் சொன்னா, அந்தப் பக்கம் அது என்ன செஞ்சதுன்னும் நான்தான் சார் சொல்லணும். எனக்குத் தெரியல."

செயலாளர் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

விஷயம் மேலிடம் வரை போனது. கூப்பிட்டு விசாரித்தார்கள். விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டார்களாம். போகவில்லை, பதில்தான் வரவில்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். யாரும் அவரை விரட்டவில்லை. கொஞ்ச காலம் ஓய்வெடுங்கள் என்றார்கள். ஓய்வெடுக்கிற பாஸ்டருக்குக் குடியிருக்க வீடு கிடையாது. எங்கள் மகள் அப்போது வேலூரில் படித்துக்கொண்டிருந்தாள்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு சங்கீதம், அதை வாசித்துவிட்டு இறங்கி வந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டேன்.

"வாசிக்கலாம் ஜெயா. என் வாய் நல்லா வாசிக்கும். ஆனா எதிர்ல அஞ்சல நிப்பா" என்றார்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. சிதம்பரம் போகிற வழியெல்லாம் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் வந்தேன்.

மணியோசை ஊரில்

சிதம்பரத்தில் மேல வீதியை ஒட்டிய சந்தில் வாடகை வீடு. எனக்கு ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. இவர் அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்க்கப் போனார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், காதணி விழா அழைப்பு. சாயங்காலம் மையும் காகிதமும் கலந்த வாசனையோடு வீட்டுக்கு வருவார்.

ஞாயிறு காலையில் நாங்கள் ஒரு சர்ச்சுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவோம். பாட்டு வரும்போது அவர் உதடு அசையும், சத்தம் வராது. பூஜை நேரத்தில் நடராஜர் கோயில் பெரிய மணி அடித்தால், செய்துகொண்டிருக்கிற வேலையை நிறுத்திவிட்டு அது அடங்குகிற வரைக்கும் கேட்பார். மணி அடித்து முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருப்பார். சோறு ஆறிப்போகும்.

அவர் சும்மா இருக்கவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. பழைய எபிரெயப் புத்தகங்களை மறுபடி எடுத்திருந்தார். ஒருநாள் நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்: சங்கீதங்களில் இன்னொன்று இருக்கிறது, அதில் ஆறுகளும் குரல் எழுப்புகின்றன, கடலின் அலைகள் இரைகின்றன, கடவுள் அவற்றைவிட வல்லவர் என்று வருகிறது. அங்கே ஆறுகளின் குரலுக்கும் அதே சொல்தான். கோல்.

அப்படியென்றால் தண்ணீருக்கே தனியாக ஒரு குரல் இருக்கிறதா என்று கேட்டேன். முதல் முறையாக நான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஒண்ணுல அவர் குரல் தண்ணி மேல இருக்கு. இன்னொண்ணுல தண்ணி தானே குரல் எழுப்புது. ரெண்டையும் பாடுன ஜனங்க ஒரே ஜனங்கதான். அவங்களுக்கு ரெண்டையும் பிரிச்சுக் கேக்கத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல ஜெயா. அன்னிக்கு ஒரு மேகம்கூட இல்ல. சங்கீதத்துல இடி முழங்குது. நமக்குக் கேட்டதோ லாரி சத்தம்."

அவர் தொழிலை விட்டது சோம்பலாலோ பயத்தாலோ இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்தாலும் வருத்தம் போகவில்லை. இரண்டும் கூடவே இருந்தன.

அஞ்சலை அவ்வப்போது பஸ் ஏறி வருவாள். கருவாட்டுப் பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு என்னோடு பேசிக்கொண்டிருப்பாள். கடலை விட்டு உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடுகளில் ஒன்று அவர்களுக்கும் கிடைத்திருந்தது. குழியோரம் கேட்டதை அவள் மறுபடி கேட்கவே இல்லை. இவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தனத்தின் பெயர் யார் வாயிலும் வராது.

பிறகு கலியபெருமாளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. 'ஏ' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். அஞ்சலைக்கு அதில் வித்தியாசம் தெரியும். முதுகில் புண் வந்துவிட்டதால் விடுமுறை நாட்களில் நான் போய்க் கட்டு மாற்றிவிட்டு வருவேன். இவரும் கூட வருவார். கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். மச்சான் என்று கூப்பிட ஆளில்லாமல் போனது இவருக்குத்தான் ரொம்பக் கஷ்டம்.

மறுபடியும் ஒரு டிசம்பர்

கடல் வந்து ஏழு வருடம் கழித்துத் தானே என்ற புயல் வந்தபோது நாங்கள் அஞ்சலை வீட்டில்தான் இருந்தோம். கட்டு மாற்றப் போன இடத்தில் சாயங்காலமே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். புயல் வேறு பக்கம் போய்விடும் என்று குப்பத்தில் சொன்னார்கள். அஞ்சலை ரசம் வைத்தாள். சாப்பிட்டுப் படுத்தோம்.

விடிகிற நேரத்தில் காற்று பிடித்துக்கொண்டது. அதைக் காற்று என்று சொன்னால் கேட்காதவர்களுக்குப் புரியாது. ஊளை இல்லை, இரைச்சலும் இல்லை. கனமான எதையோ சுவரோடு வைத்து இழுத்துக்கொண்டே போவதைப் போலிருந்தது. ஜன்னல் கதவு ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. எங்கிருந்தோ தகர ஷீட் பறந்து வந்து வாசலில் மோதியது. வெளியே மரங்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. முறிகிற சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை, தரையில்தான் தெரிந்தது.

கலியபெருமாளின் கட்டிலை ஜன்னல் இல்லாத உள் அறைக்குத் தள்ளினோம். போர்த்திவிட்டு, நானும் இவரும் முன்கதவை முதுகால் முட்டுக் கொடுத்து நின்றோம். தாழ்ப்பாள் ஏற்கனவே வளைந்துவிட்டிருந்தது.

அஞ்சலை திடீரென்று கதவிடம் வந்து என்னைப் பிடித்து இழுத்தாள். ஓட வேண்டும் என்றாள். மேட்டுக்கு ஓட வேண்டும், கடல் வருகிறது என்றாள். கடல் வரவில்லை, காற்றுதான் என்று அவள் காதில் கத்தினேன். அவள் நம்பவில்லை. என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளில் கை வைத்தாள். இவர் அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

அப்போது கேட்டாள். அத்தனை வருடம் கேட்காமல் வைத்திருந்ததை அவர் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"இப்பயாவது சொல்லுண்ணே. இது யாரு கொரலு?"

"தெரியல அஞ்சல. எனக்குக் காத்து மட்டுந்தான் கேக்குது" என்றார்.

அவள் தளர்ந்து அவர் மேல் சாய்ந்தாள். அவர் அவள் தலையைத் தோளோடு சேர்த்துப் பிடித்து, காதருகே வாயை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. அவளுக்கும் கேட்டிருக்காது. மூச்சுதான் பட்டிருக்கும்.

என்ன சொன்னீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். ஆறுகள் குரல் எழுப்புகிற சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கினாராம். முதல் அடிக்குப் பிறகு வரவில்லையாம். அதனால் 'இருக்கேன், இருக்கேன்' என்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாராம்.

கேட்காமல் போனது

காற்று அடங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. நான் உள் அறைக்குப் போனேன். கலியபெருமாள் நான் போர்த்திவிட்ட மாதிரியே கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. இடது கை மட்டும் போர்வைக்கு வெளியே வந்து கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது.

நாடி பார்த்தேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

நான் கூப்பிடாமலே இருவரும் வந்து நின்றார்கள். அஞ்சலை அவர் கையைச் சட்டத்திலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எப்போது போயிருப்பார் என்று என்னிடம் கேட்டாள். கொஞ்ச நேரம் முன்னால்தான் என்றேன். சத்தம் பெரிதாக இருந்தபோதா என்றாள். ஆமாம் என்றேன். அவள் இவர் பக்கம் திரும்பினாள்.

"கூப்ட்டிருப்பாரா அண்ணே?"

இல்லை, தூக்கத்திலேயே போயிருப்பார் என்று நான் சொல்லியிருப்பேன். இந்தத் தொழிலில் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றாது. வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் சொல்லிவிட்டார்.

"கூப்ட்டிருப்பாரு அஞ்சல. நமக்குத்தான் கேக்கல."

அந்த நிமிடம் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவளிடம் சொல்கிற வார்த்தையா அது. ஆனால் அஞ்சலை தலையாட்டினாள். கலியபெருமாளின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அழுதாள். மகள் போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. மதியம் வரை அழுதாள். நானும் இவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

வெளியே வந்து பார்த்தால் ஊரில் பச்சை இல்லை. வேப்பமரமும் புங்கமரமும் வேரோடு கிடந்தன. நின்ற மரங்களில் ஒரு இலை இல்லை. கிழிந்த இலைகள் சுவரெல்லாம் அப்பிக் கிடந்தன. மேற்கே பலாவும் முந்திரியும் ஏக்கர் ஏக்கராகச் சாய்ந்துவிட்டன என்று பிறகு கேள்விப்பட்டோம். இவர் வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். காடு உரிந்து கிடப்பதைப் பாடியவன் இப்படி ஒரு காலையைப் பார்த்துத்தான் பாடியிருப்பான், பார்த்த பிறகும் பாடியிருக்கிறான் என்றார். பிறகு பக்கத்து வீட்டில் அரிவாள் வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

பாடை போக வழி இல்லை. குப்பத்து ஆட்களோடு சேர்ந்து அன்றைக்கு முழுக்க மரம் வெட்டினார். உள்ளங்கை இரண்டும் கிழிந்துவிட்டன. எரிக்க ஒரு காய்ந்த குச்சி இல்லாததால் புதைப்பதென்று முடிவு செய்தார்கள். இவரும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். குழியோரத்தில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்கவில்லை.

கடலூருக்குக் கரண்ட் வரப் பல வாரங்கள் ஆயின. அஞ்சலையைச் சில காலம் எங்களோடு வந்து இருக்கச் சொன்னோம். அவள் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டிலேயே அவளை இருத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு

அடுத்த வருடம் பழைய சபையிலிருந்து இவரைக் கூப்பிட்டார்கள். கமிட்டி மாறிவிட்டது, நீங்கள் விரும்புகிறதை வாசியுங்கள், விரும்பாததை விட்டுவிடுங்கள் என்றார்கள். எனக்குப் போக ஆசை. மறைப்பானேன், அந்தப் பாஸ்டர் வீட்டின் மல்லிகைப் பந்தல்கூட என் கண்ணில் வந்துவிட்டது.

இவர் அவர்களுக்கு நன்றி சொல்லி, வரவில்லை என்றார். வாசித்தது போதும், இனி கொஞ்சம் கேட்கிறேன் என்றார். வந்தவர்களுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் அப்போது விளங்கவில்லை.

அச்சக வேலை முடிந்து சாயங்காலம் என் மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார். என்னைக் கூட்டிப்போகத்தான் வருகிறார் என்று முதலில் நினைத்தேன். வார்டுக்குள் போய், பேச்சு விழுந்தவர்கள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். ஜெபம் செய்யமாட்டார், புத்தகம் திறக்கமாட்டார். டாக்டர் ஒருநாள் இவர் யார் என்று கேட்டார். என் கணவர் என்றேன்.

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வாய் கோணி, பேச்சு குழறிப் போயிருந்தது. விழுங்குவது மட்டும் சரியாக இருந்தது. நாளெல்லாம் முனகிக்கொண்டே இருந்தார். வலிதான் என்று நினைத்து நான் ஊசி போட்டேன். முனகல் நிற்கவில்லை. மகன் சலித்துப்போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டான்.

இவர் வந்து அந்தக் கட்டிலில் குனிந்தார். அந்த அம்மாவின் வாயருகே காதை வைத்தார். மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்து என்று எனக்குக் கையால் காட்டினார். நிறுத்தினேன். வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்த டிவியையும் நிறுத்தச் சொன்னார். போய் நிறுத்திவிட்டு வந்தேன். வார்டு முழுக்க அமைதியாகிவிட்டது. அவர் அதே இடத்தில் குனிந்தபடி இருந்தார். முதுகு வலித்திருக்கும், அசையவில்லை.

பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"தண்ணி கேக்குறாங்க ஜெயா" என்றார்.

நான் டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு போனேன்.